மேசை மேல் ஒரு போர்க்களம்: ஃபேன்டஸி ரோல்பிளேயிங் விளையாட்டில் மோதலை வடிவமைக்கும் முழு வழிகாட்டி

ஒரு காலி அறை. உள்ளே ஒரு ஓகர் (பருத்த முரட்டு அரக்கன்), நான்கு கோப்ளின்கள் (குட்டிப் பூதங்கள்). கதவைத் திறந்ததும் சண்டை. இரண்டாவது ரவுண்டிலேயே (எல்லோரும் ஒருமுறை ஆடி முடிப்பது ஒரு ரவுண்டு) மேசையில் ஒரே பேச்சுதான் கேட்கும்: "அடிக்கிறேன்", "பதினெட்டு", "பட்டுடுச்சு", "எட்டு டேமேஜ்", "அடுத்து யாரு?" எதிரிகள் பலவீனமானவர்கள் என்பதால் இப்படி ஆகவில்லை. அவர்களுக்கு அங்கே செய்ய வேறு வேலை இல்லை, அதனால் ஆட்டக்காரர்களுக்கும் வேறு வேலை இல்லாமல் போகிறது.

அதே ஓகரையும் அதே நான்கு கோப்ளின்களையும் வைத்தே ஒரு நல்ல மோதலைக் கட்டிவிடலாம். இந்த வழிகாட்டி அதைத்தான் அடி அடியாகச் செய்து காட்டுகிறது. எண்கள் பெரும்பாலும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற ரோல்பிளேயிங் விளையாட்டின் ஐந்தாம் பதிப்பின் 2014 விதிகளிலிருந்து எடுத்தவை. வேறு விதிமுறையில் ஆடுபவர்கள் எண்களை மாற்றிக்கொள்ளலாம், முறை மாறாது.

முதல் படி: எதிரிக்கு என்ன வேண்டும்?

எந்த அரக்கனைப் போடலாம் என்று புத்தகத்தைப் புரட்டுவதற்கு முன் ஒரு வரி எழுதுங்கள்: "இவர்கள் ___ செய்ய வந்திருக்கிறார்கள்; யாரும் தடுக்காவிட்டால் ___ ரவுண்டில் அது முடிந்துவிடும்." கோடிட்ட இடங்களில் "வீரர்களைக் கொல்ல" என்று மட்டும் நிரப்பாதீர்கள். அந்த நோக்கம் வந்தால் இரண்டு தரப்பும் ஹெச்பி (உயிர்ப்புள்ளி) தீரும்வரை எதிரெதிரே நிற்பதைத் தவிர வேறு வழியில்லை.

நம் உதாரணத்துக்கு இப்படி: "கோப்ளின்கள் ஓடக்காரரைப் பிடித்துக் கட்டி, தெப்பத்தில் ஏற்றி அக்கரைக்குக் கடத்துகிறார்கள், ஓகர் கயிற்றை நான்கு முறை இழுத்தால் தெப்பம் கரை சேர்ந்துவிடும்." இந்த ஒரே வரியில் இடம், கெடு, வெற்றி தோல்வி மூன்றும் வந்துவிட்டன. ஆட்டக்காரர்கள் தோற்றாலும் கதை நின்றுவிடாது. ஓடக்காரர் அக்கரையில் இருப்பார், தேடிப் போகலாம். தோற்றால் எல்லோரும் சாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லாத மோதலில்தான் கேம் மாஸ்டர் (ஆட்டத்தை நடத்துபவர்) எதிரிகளைத் தயங்காமல், முழு மூளையோடு ஆட முடியும்.

இரண்டாம் படி: எக்ஸ்பி கணக்கு

எக்ஸ்பி என்பது அனுபவப்புள்ளி; எதிரி எவ்வளவு வலியது என்பதற்கு அதுதான் அளவுகோல். லெவல் (தேர்ச்சி நிலை) 3இல் நான்கு கேரக்டர்கள் (ஆட்டக்காரர்கள் ஏற்கும் பாத்திரங்கள்). 2014 அட்டவணையில் லெவல் 3 கேரக்டர் ஒருவருக்கு மோதலின் எக்ஸ்பி வரம்பு: எளிது 75, நடுத்தரம் 150, கடினம் 225, உயிராபத்து 400. நான்கால் பெருக்கினால் 300, 600, 900, 1600.

ஓகர் 450 எக்ஸ்பி. கோப்ளின் ஒன்றுக்கு 50, நான்குக்கு 200. கூட்டினால் 650. எதிரிகளின் எண்ணிக்கை 3 முதல் 6 வரை இருந்தால் இரண்டால் பெருக்க வேண்டும் என்பது 2014 விதி, ஆக 1300. "கடினம்" வரம்பைத் தாண்டியிருக்கிறது, "உயிராபத்து" வரம்பைத் தொடவில்லை. 2024 விதிகளில் இந்தப் பெருக்கல் எடுக்கப்பட்டுவிட்டது. அளவுகளும் மூன்றாகச் சுருங்கி, லெவல் 3க்குத் தலைக்கு 150, 225, 400 என்று நிற்கின்றன. ஒரே எதிரிக் கூட்டம் ஒரு பதிப்பில் கடினமாகவும் இன்னொன்றில் சாதாரணமாகவும் தெரிவது இதனால்தான். பழைய எண்ணைப் புதிய அட்டவணையோடு கலந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாத்ஃபைண்டர் என்ற வேறொரு ரோல்பிளேயிங் விளையாட்டின் இரண்டாம் பதிப்பு ஆடுபவர்களுக்கு: நான்கு பேருக்கு நடுத்தர மோதல் 80, கடுமையானது 120, உச்சகட்டம் 160. குழுவின் லெவலிலேயே உள்ள எதிரி 40, இரண்டு லெவல் மேலே உள்ளது 80. அங்கே இலக்கு எண்ணை 10 தாண்டினாலே கிரிட்டிகல் (வழக்கத்தைவிடப் பலத்த அடி) என்பதால், நான்கு லெவல் மேலே உள்ள ஒற்றை எதிரி காகிதத்தில் காட்டுவதைவிடக் கொடூரமாக அடிக்கும்.

மூன்றாம் படி: எத்தனை ரவுண்டு, எவ்வளவு அடி?

எக்ஸ்பி கணக்கு பாதி வேலைதான். பலர் விட்டுவிடும் மீதிப் பாதி இது. ஒரு தாளும் ஐந்து நிமிடமும் போதும்.

குழுவின் தாக்குதல் எண் (இருபது பக்கப் பகடையோடு கூட்டுவது) +5, பட்டால் சராசரி 8 டேமேஜ் என்று வைத்துக்கொள்வோம். கோப்ளினின் ஆர்மர் கிளாஸ் (அடி பட எட்ட வேண்டிய எண்) 15. பகடையில் 10 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும், அதாவது 55%. நான்கு பேர் அடித்தால் ரவுண்டுக்கு இரண்டு அடி படும். கோப்ளினுக்கு 7 ஹெச்பிதான். இரண்டு அடிக்கு ஏறக்குறைய இரண்டு கோப்ளின் காலி. ஓகரின் ஆர்மர் கிளாஸ் 11, ஹெச்பி 59. 75% அடி படும், ரவுண்டுக்கு 24 டேமேஜ், மூன்று ரவுண்டு. மந்திரங்களைச் சேர்க்காமல் மொத்தம் ஐந்து ரவுண்டு.

இப்போது எதிர்ப்பக்கம். ஓகர் +6, சராசரி 13. ஆர்மர் கிளாஸ் 16 உள்ள ஃபைட்டரை (போர்வீரர்) 55% தடவை அடிக்கும், ரவுண்டுக்கு 7. கோப்ளின் +4, சராசரி 5, அடிபடும் வாய்ப்பு 45%. நான்கும் சேர்ந்து 9. முதல் ரவுண்டில் 16, இரண்டாவதில் 11 அல்லது 12, பிறகு ஓகர் மட்டும் 7, 7, 7. மொத்தம் 48 பக்கம். ஃபைட்டர் 28, கிளெரிக் (பூசாரி) 24, ரோக் (திருடர்) 24, விசார்ட் (மந்திரவாதி) 20 என்று குழுவின் ஹெச்பி 96 இருந்தால், பாதி கரையும். கடினம், ஆனால் தாங்கலாம்.

இங்கேதான் ஆபத்து ஒளிந்திருக்கிறது. அதே ஐந்து பேரும் விசார்ட் ஒருவரையே குறிவைத்தால்? ஆர்மர் கிளாஸ் 12க்கு எதிரே ஓகரின் சராசரி 9.75, நான்கு கோப்ளின்கள் 13. சேர்த்து 22.75. விசார்ட்டுக்கு இருப்பதே 20. முதல் ரவுண்டு முடிவதற்குள் ஒரு ஆட்டக்காரர் தரையில். எக்ஸ்பி அட்டவணை இதைச் சொல்லாது. அதனால் எப்போதும் இந்த இரண்டாவது கணக்கையும் போடுங்கள்: எல்லா எதிரிகளும் ஒரே ரவுண்டில் மிக மெலிந்த கேரக்டரை அடித்தால் விழுவாரா? விழுவார் என்றால் எதிரிகளைச் சிதறி நிறுத்துங்கள், அல்லது சிலருக்கு அடிப்பதைத் தவிர வேறு வேலை கொடுங்கள். நம் ஓகர் கயிறு இழுக்கிறது. இழுக்கும் ரவுண்டில் அது அடிப்பதில்லை. கதைக்காக வைத்த வேலையே சமநிலையையும் பார்த்துக்கொள்கிறது.

லெவல் 1இல் இன்னும் கவனம் தேவை. ஓகரின் அடி 2டி8+4, அதாவது இரண்டு எட்டுப் பக்கப் பகடையின் கூட்டலோடு 4. உச்ச ஹெச்பி 8 உள்ள விசார்ட்டுக்கு ஒரே அடியில் 16 டேமேஜ் வந்தால், விழுந்த பிறகு மீதமிருக்கும் 8, உச்ச ஹெச்பிக்குச் சமம். அதாவது உடனடி மரணம், டெத் சேவ் (விழுந்தவர் பிழைக்க உருட்டும் பகடை) கூட கிடையாது. இரண்டு எட்டுப் பக்கப் பகடையில் 12 அல்லது அதற்கு மேல் விழ வாய்ப்பு 64இல் 15, அதாவது பட்ட அடிகளில் 23%. கிரிட்டிகல் என்றால் இன்னும் மோசம். லெவல் 1 குழுவின் முன் ஓகரை நிறுத்தாதீர்கள்.

நான்காம் படி: களம்

ஒரு கட்டம் 5 அடி. பெரும்பாலான கேரக்டர்கள் ஒரு டர்னில் (ஒருவரின் முறை) 30 அடி, அதாவது 6 கட்டம் நடப்பார்கள். இந்த இரண்டு எண்களை மனதில் வைத்துத்தான் களம் வரைய வேண்டும். நம் ஆற்றுத் துறை 24க்கு 20 கட்டம்.

வடக்கே காட்டுப்பாதை, குழு அங்கிருந்து வருகிறது. துறைக்கு 9 கட்டம். வேகமாக ஓடினால் முதல் டர்னிலேயே எட்டலாம், ஆனால் ஓடினால் அடிக்க முடியாது. கரையோரம் மூன்று வரிசை சேறு. அதில் ஒரு கட்டம் கடக்க இரண்டு கட்டத்தின் நடை செலவு. சேற்றின் நடுவே இரண்டு கட்ட அகலத்தில் மரத்துறை. துறைக்கு இடப்பக்கம் 10 அடி உயரப் பரண், மேலே வில்லோடு இரண்டு கோப்ளின்கள். பரணின் பலகைத் தடுப்பு அவர்களுக்கு அரை மறைவு தருகிறது, ஆர்மர் கிளாஸில் +2. வலப்பக்கம் நாணல் புதர், உள்ளே மற்ற இரண்டு. கோப்ளின்கள் தாக்குதலோடு கூடுதலாகக் கிடைக்கும் போனஸ் ஆக்‌ஷனில் ஒளியவோ விலகவோ முடியும் என்பதால் நாணல் அவற்றுக்கு வீடு மாதிரி.

ஆறு 10 கட்டம் அகலம். தெப்பம் ஆற்றின் குறுக்கே 2 கட்டம், நீரோட்டத்தின் போக்கில் 4 கட்டம். ஓகர் தெப்பத்தின் மேலேயே நின்று, கரைக்குக் கரை கட்டிய கயிற்றைக் கையால் வலிக்கிறது. ஒரு இழுப்புக்கு 2 கட்டம். நான்கு இழுப்பு.

இந்த அளவுகள் ஏன்? முதல் இழுப்பில் தெப்பம் 10 அடி விலகும். வலிமை 16 உள்ள ஃபைட்டர், 10 அடி ஓடிவந்து தாண்டினால் 16 அடி தாண்டலாம், தெப்பத்தில் ஏறிவிடலாம். இரண்டாவது இழுப்பில் இடைவெளி 20 அடி. இனி தாண்ட முடியாது. ஆகவே முதல் ரவுண்டிலேயே ஒரு நிஜமான கேள்வி: பரணிலிருந்து அம்பு வருகிறது, அதைப் பார்ப்பதா, தாண்டுவதா? கயிற்றை வெட்டலாம்; தடித்த கயிறு, ஆர்மர் கிளாஸ் 11, 10 ஹெச்பி என்று வையுங்கள். வெட்டினால் கடத்தல் நிற்கும், ஆனால் தெப்பம் கட்டிவைத்த ஓடக்காரரோடு ரவுண்டுக்கு 4 கட்டம் கீழ்நோக்கி அடித்துக்கொண்டு போகும். பரணின் காலை வெட்டிச் சாய்க்கலாம். 10 அடியிலிருந்து விழுந்தால் 1டி6 டேமேஜ், 7 ஹெச்பி கோப்ளினுக்கு அது பெரிய அடி.

களத்தில் தொட்டு ஆடக்கூடிய பொருள் மூன்று இருந்தால் போதும்: இங்கே கயிறு, பரண், நாணல் (தீ வைக்கலாம்). ஏழெட்டு வைத்தால் யாருக்கும் எதுவும் நினைவில் நிற்காது.

களத்தில் நடக்கும் பொதுவான பிழை கதவு. ஆட்டக்காரர்கள் வாசலிலேயே நின்று, வரும் எதிரியை ஒவ்வொன்றாக வெட்டுவார்கள். பின்னால் நிற்கும் இருவருக்கு வேலையில்லை. புத்திசாலித்தனமான ஆட்டம்தான், தண்டிக்கக் கூடாது. ஆனால் வடிவமைப்பவர் அதை எதிர்பார்த்திருக்க வேண்டும்: அறைக்கு இரண்டாவது வழி, அல்லது உள்ளே போய்த்தான் தடுக்க வேண்டிய ஏதோ ஒன்று. இன்னொரு பிழை நெருக்கம். லெவல் 5இல் ஃபயர்பால் என்ற தீக்கோள மந்திரம் வந்துவிடும். 20 அடி ஆரம், குறுக்களவில் 8 கட்டம், சராசரி 28 டேமேஜ். அதற்குள் எல்லா எதிரிகளும் அடங்கினால் மோதல் முதல் டர்னில் முடிந்தது. குறைந்தது இரண்டு கும்பலாக, பத்துக் கட்டம் தள்ளி நிறுத்துங்கள். சில சமயம் நெருக்கமாகவும் நிறுத்துங்கள். ஃபயர்பால் எடுத்தவருக்கு அது பலித்து மகிழ ஒரு நாள் வேண்டும்.

ஐந்தாம் படி: எதிரியின் நடத்தை, இரண்டு வரியில்

ஒவ்வொரு எதிரி வகைக்கும் இரண்டு வரிக்கு மேல் எழுதாதீர்கள். ஆட்டத்தின் நடுவில் படிக்க நேரம் இருக்காது.

ஓகர்: தினமும் அடி வாங்கி வேலை செய்கிறது. யாராவது தெப்பத்தில் காலை வைத்தால் கயிறை விட்டுவிட்டு அடிக்கும், இல்லாவிட்டால் இழுக்கும்.

பரண் கோப்ளின்: கயிற்றுக்கு அருகில் போகிறவரைச் சுடும். பரணில் யாராவது ஏறினால் குதித்து ஓடும்.

நாணல் கோப்ளின்: தனியாக மாட்டியவரைக் குத்திவிட்டு மறுபடி ஒளியும்.

இது எழுதிவிட்டால் யாரை அடிப்பது என்று கேம் மாஸ்டர் யோசிக்க வேண்டியதில்லை. "என்னையே ஏன் அடிக்கிறீர்கள்?" என்ற மனத்தாங்கலும் வராது, கயிற்றருகே போனார், அம்பு வந்தது, காரணம் எல்லோருக்கும் தெரியும். ஓகரின் விதியை ஆட்டக்காரர்கள் கண்டுபிடித்து, ஒருவர் தெப்பத்தில் ஏறி இறங்கி அதன் வேலையைக் கெடுத்தால், அதைத் திருத்தாதீர்கள். அது அவர்கள் சம்பாதித்த வெற்றி.

ஓட்டமும் இதில் சேர்த்தி. 1981ஆம் ஆண்டு வந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் பேசிக் விதிகளில் மொரேல் (மனோதிடம்) என்று ஒன்று உண்டு: முதல் சாவின்போதும் கூட்டம் பாதியாகும்போதும் இரண்டு ஆறுபக்கப் பகடை உருட்டு, மொரேல் எண்ணைத் தாண்டினால் ஓட்டம். கோப்ளினுக்கு 7. அதாவது ஒவ்வொரு சோதனையிலும் ஓட வாய்ப்பு 36இல் 15, ஏறத்தாழ 42%. இதை எந்தப் பதிப்பிலும் அப்படியே சேர்த்துக்கொள்ளலாம், சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பதே எங்கள் கருத்து. முடிவு தெரிந்துவிட்ட சண்டையின் கடைசி இரண்டு ரவுண்டு ஆட்டத்தின் மிகச் சலிப்பான பகுதி. எதிரி ஓடினால் அது போய்விடும், துரத்துவதா விடுவதா என்ற புதுக் கேள்வியும் கிடைக்கும்.

ஒற்றைப் பெரிய எதிரி

நான்கு பேருக்கு எதிரே ஒரே எதிரி என்றால் ரவுண்டுக்கு அவர்களுக்கு நான்கு டர்ன், அதற்கு ஒன்று. ஒரு சேவிங் த்ரோ (மந்திரம் போன்றவற்றை எதிர்க்க உருட்டும் பகடை) தவறினால் அந்த ஒன்றும் போச்சு. பெரிய வில்லன் முடங்கி நிற்க, நான்கு பேர் சுற்றி நின்று வெட்டுவார்கள். ஹெச்பியை இரட்டிப்பாக்குவது இதற்கு மருந்தில்லை, வெட்டும் நேரம்தான் நீளும். தேவை டர்ன். லெஜண்டரி ஆக்‌ஷன் உள்ள அரக்கர்கள் மற்றவர்களின் டர்ன் முடிவில் இடையே செயல்படுவது இதற்காகத்தான். இனிஷியேட்டிவ் (முறை வரிசையைத் தீர்மானிக்கும் எண்) 20இல் வரும், எதிரியின் இருப்பிடமே செயல்படும் லேர் ஆக்‌ஷனும் அப்படியே. அவை இல்லாத எதிரிக்கு எளிய வழி, இனிஷியேட்டிவ் வரிசையில் இரண்டு இடம் கொடுத்து ஒவ்வொன்றிலும் பாதி வேலையைச் செய்யவைப்பது. அதைவிட எளிய வழி, இரண்டு மூன்று அடியாட்களைச் சேர்ப்பது.

இதன் மறுபக்கமும் கொடுமையே. ஆட்டக்காரரை முடக்கும் சக்தி உள்ள எதிரி ஒரு மோதலில் ஒன்றுக்கு மேல் வேண்டாம். நான்கு பேர் ஆடும் மேசையில் ஒரு ரவுண்டு பத்து நிமிடம் பிடித்தால், இரண்டு ரவுண்டு முடங்கியவர் இருபது நிமிடம் சும்மா உட்கார்ந்திருக்கிறார்.

ஆறாம் படி: திருகிகள்

கணக்கு எவ்வளவு சரியாக இருந்தாலும் பகடை தன் போக்கில் விழும். ஆட்டத்தின் நடுவில் எதைக் கூட்டலாம், எதைக் குறைக்கலாம் என்பதை முன்பே எழுதிவையுங்கள். நம் மோதலுக்கு இரண்டு. எளிதாகப் போனால்: மூன்றாவது ரவுண்டில் அக்கரையிலிருந்து இரண்டு கோப்ளின்கள், இரண்டாவது ரவுண்டிலேயே கொம்பூதும் சத்தம் கேட்க வேண்டும், சொல்லாமல் முளைக்கும் துணைப்படை ஏமாற்றுவேலை போலத் தெரியும். கடினமாகப் போனால்: கட்டை அவிழ்த்துக்கொண்ட ஓடக்காரர் துடுப்பால் ஓகரின் காலைத் தட்டுகிறார், அதன் அடுத்த தாக்குதல் பாதகத்தோடு (இரண்டு பகடை உருட்டிச் சிறியதை எடுப்பது) உருட்டப்படும்.

ஹெச்பியை ரகசியமாக ஏற்றி இறக்குவது பழக்கமாகிவிட்டால் ஆட்டக்காரர்கள் மோப்பம் பிடித்துவிடுவார்கள். பிறகு அவர்கள் போடும் திட்டம் எதற்கும் மதிப்பில்லை. மாற்றத்தைக் கதைக்குள்ளே, எல்லோர் கண்ணெதிரே செய்யுங்கள்.

ஆறு ஆட்டக்காரர்கள் இருந்தால் ஓகரைக் கொழுக்கவைக்காமல் இரண்டு கோப்ளின்களும் ஒரு ஓநாயும் சேருங்கள். மூன்று பேர் என்றால் நாணல் கோப்ளின்களை எடுத்துவிடுங்கள்.

அன்றைய நாளின் நீளத்தையும் பாருங்கள். 2014 விதிகள் ஒரு நீண்ட ஓய்வுக்கும் அடுத்ததற்கும் இடையே ஆறு முதல் எட்டு நடுத்தர அல்லது கடின மோதல்களை எதிர்பார்த்து எழுதப்பட்டவை. உங்கள் கதையில் நாளுக்கு ஒரே சண்டை என்றால் மந்திரக்காரர்கள் கையில் இருப்பதை எல்லாம் அதிலேயே கொட்டுவார்கள். "கடினம்" என்று கணக்கிட்டது தூசு போலப் பறக்கும். அப்போது உயிராபத்து அளவில் தொடங்கி, இரண்டு பகுதியாகப் பிரித்துவிடுங்கள்: முதலில் துறை, மூச்சு வாங்குவதற்குள் அக்கரை.

மேசையில்

தொடக்க வர்ணனை நான்கு வாக்கியம் தாண்டக் கூடாது. எதைத் தொடலாம், என்ன நடந்துகொண்டிருக்கிறது, எது சீக்கிரம் கைமீறும் என்ற மூன்றும் அதில் வர வேண்டும். இப்படி: "சேற்றுக்கரைக்கு அப்பால் ஒரு ஓகர் தெப்பத்தில் நின்று கயிற்றை இழுக்கிறது, அதன் காலடியில் ஓடக்காரர் கட்டிக் கிடக்கிறார். ஒவ்வொரு இழுப்புக்கும் தெப்பம் பத்தடி நகரும் போலிருக்கிறது. இடப்பக்கப் பரணில் இரண்டு வில் உங்கள் பக்கம் திரும்புகின்றன. வலப்பக்க நாணல் காற்றில்லாமலே அசைகிறது. இனிஷியேட்டிவ் உருட்டுங்கள்."

கோப்ளின்களுக்கு இரண்டிரண்டாக ஒரே இனிஷியேட்டிவ். டேமேஜுக்கு உருட்டாமல் சராசரி 5, ஓகருக்கு 13. தாக்குதல் பகடையை எல்லோர் முன்னும் உருட்டுங்கள். தெப்பம் எத்தனை இழுப்பில் இருக்கிறது என்பதை ஒரு பகடையின் முகத்தைத் திருப்பி மேசை நடுவில் வையுங்கள்: 4, 3, 2, 1. அந்தப் பகடை 2க்கு வரும்போது மேசையில் இருப்பவர்கள் நாற்காலியின் நுனிக்கு வந்துவிடுவார்கள்.

கடைசியாக, தாளின் அடியில் மூன்று விடைகள் எழுதிவையுங்கள். தெப்பம் கரை சேர்ந்தால் ஓடக்காரரை எங்கே கொண்டுபோவார்கள்? பிடிபட்ட கோப்ளினுக்கு என்னென்ன தெரியும், எதைச் சொல்லும்? கயிறு அறுந்து தெப்பம் அடித்துக்கொண்டு போனால் எங்கே ஒதுங்கும்?